வாசல் வரை வந்தவர்கள்

"வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும்." வீட்டில் முதியவர் ஒருவர் உணவைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்போது நம்மில் பெரும்பாலோர் வழங்கும் தீர்ப்பு இதுவே. இத்தீர்ப்பில் கொடுமை எதுவும் இல்லை. பல வேளைகளில் அன்பும் கூட உண்டு. ஆயினும் இது தவறான தீர்ப்பு. முதுமை வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. முதுமைக்கு மருந்தில்லை, மனச்சோர்வுக்கு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய மானிடம் எடுத்துக்கொண்ட காலம் நெடியது. அந்த வரலாற்றை நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நின்றுகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மேலைநாடுகளில் முதியோரின் நெடுங்காலப் பராமரிப்பு என்றவுடன் இல்லங்களும் நிறுவனங்களும் நினைவுக்கு வரும். நம் பகுதியில் அது பெரும்பாலும் ஒரு கட்டில், ஒரு தாழ்வாரம், ஒரு மருமகளின் அல்லது மகளின் கை. பக்கவாதத்தால் படுத்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், பார்வை மங்கியவர் ஆகியோர் வெளியே செல்வது அரிது. உலகம்தான் அவர்களிடம் வரவேண்டும். ஆகவே நம்மைப் பொறுத்தமட்டில் முதியோர் பராமரிப்பின் வரலாறு என்பது, அவர்களுடைய வாசலுக்கு யார் யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், எதைக் கேட்காமல் திரும்பினார்கள் என்பதன் வரலாறேயாகும்.

பாலை நிலத்தில் ஒரு நண்பகல்

விவிலியம் இதற்கு ஒரு முன்மாதிரியைத் தருகின்றது. அரசி ஈசபேலின் சினத்துக்கு அஞ்சி ஓடிய இறைவாக்கினர் எலியா, பாலை நிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரை வேண்டினார் என அரசர்கள் முதல் நூல் கூறுகின்றது. அவ்வேளையில் வந்த வானதூதர் அவருக்கு அறிவுரை வழங்கவில்லை. நம்பிக்கை குன்றியவர் என இடித்துரைக்கவும் இல்லை. சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் வைத்தார், உறங்கவிட்டார், மீண்டும் வந்து தட்டி எழுப்பி உண்ணச் செய்தார். ஓரேபு மலையில் இறைவனின் மெல்லிய குரலை எலியா கேட்டது அதற்குப் பின்னரே. உடலைப் பேணிய பின் உள்ளத்தோடு பேசும் இந்த ஒழுங்குமுறையை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை எனலாம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலை நிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், நண்பகலில் துறவியைத் தாக்கும் ஒருவகைச் சோர்வைப் பற்றி எழுதி வைத்தார். கதிரவன் நகராது நிற்பதுபோல் தோன்றும். பகல் முடிவின்றி நீளும். எவரேனும் வருகின்றனரா எனக் கண்கள் சாளரத்தையே நோக்கும். இன்னும் எத்தனை ஆண்டு இவ்வாறு வாழ்வது என்ற எண்ணம் எழும். படுக்கையில் கிடக்கும் முதியவரின் பகற்பொழுதுக்கு இவ்வருணனை எத்துணைப் பொருந்துகிறது! ஆனால், பிற்காலத்தில் இச்சோர்வு துயரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு, தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாகிய சோம்பல் என்ற பெயருக்குள் அடங்கிப்போயிற்று. துறவியின் சோதனையும் நோயாளியின் நோயும் ஒன்றல்ல. எனினும் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கப் பழகியபோது, எழுந்திராத முதியவரை மனவலிமை அற்றவர், செபிக்கத் தெரியாதவர் என்று எண்ணுவது எளிதாகிவிட்டது.

திருச்சபையின் சட்டத்திலும் காலத்தின் தடம் உண்டு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்தே தம் உயிரை மாய்த்துக்கொண்டவர் இறக்குமுன் மனம் வருந்திய அடையாளம் காட்டியிராவிடில், அவருக்குத் திருச்சபை முறையிலான அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான உளப் பாதிப்பு அத்தகையோரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கற்பித்து, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் கூறுகின்றது. துயரத்தின் உச்சியில் நிகழ்வதை நோயின் விளைவாகவும் காணக் கற்றுக்கொண்டோம். அந்த உச்சிக்குச் செல்லுமுன்பே நோயைக் காண்பதுதான் இனிக் கற்கவேண்டிய பாடம்.

மற்றொரு மாற்றம் நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. முற்காலத்தில் குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டினுள் நுழைந்தால், தெரு முழுவதும் சாவுக்கு ஆயத்தமாகும். 'அவஸ்தை பூசுதல்' என்ற பெயரே அச்சம் தந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிகாட்டுதலுக்கேற்ப, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்வருளடையாளத்தின் சடங்குமுறையைப் புதுப்பித்தார். சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டுமன்றி, முதுமையால் தளர்ந்தோர்க்கும் உரியதாக அது விளக்கம் பெற்றது. 'நோயிற்பூசுதல்' என்ற பெயரும் நிலைத்தது. மரணத்தை அறிவிக்க வந்தவராகக் கருதப்பட்ட குரு, வாழ்வுக்குத் துணை நிற்க வருபவராக மீண்டும் வாசலில் நின்றார்.

சோறும் பணமும் வந்த வழி

நம் மாவட்டத்தின் வரலாற்றில் முதியோரைப் பேணும் பணி உணவிலிருந்து தொடங்குகின்றது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகின்றது. ஆதரவற்றோர் நாள்தோறும் அங்கு உண்கின்றனர். பசியை ஒரு பிணியாகவே கண்டவர் அவர். சமய எல்லை கடந்து நாம் போற்றத்தக்க நோக்கு இது. பசித்திருப்பவரிடம் மனத்தைப் பற்றிப் பேசுதல் வீண் என்பதை வடலூரின் அடுப்பு உணர்த்துகின்றது. எலியாவின் அப்பமும் அதையே உணர்த்துகின்றது.

நம் பங்குகளிலோ, குரு ஒருவர் பல ஊர்களைக் கவனித்த காலத்தில், எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பதை அறிந்து சொன்னவர் உபதேசியார். பின்னர், 1833இல் பாரிஸில் தோன்றிய புனித வின்சென்ட் தே பவுல் சபையும், 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையும் நம் ஊர்களில் வேரூன்றின. இருவர் இருவராக வீடு சந்திக்கும் வழக்கம் இவர்களால் நிலைபெற்றது. அரிசி கொடுத்தார்கள், செபமாலை சொன்னார்கள், அருகில் அமர்ந்தார்கள். அமர்தல் ஒரு மருத்துவம் என்று அப்போது எவரும் பெயரிடவில்லை.

1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. நெடுங்காலம் அப்பணம் அஞ்சல்காரர் கையால் பணவிடையாக வந்தது. அந்நாள்களில் மாதம் ஒருமுறை, அரசின் பெயரால் ஒருவர் வாசலில் நின்று முதியவரின் பெயரைச் சொல்லி அழைத்தார், கைரேகை வாங்கினார், இரண்டு வார்த்தை பேசினார். பிற்காலத்தில் வங்கிக் கணக்குகளும் அவற்றின் முகவர்களும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டனர். 2023இல் ஓய்வூதியம் ஆயிரம் ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. தொகை கூடியது, பெயர் சொல்லி அழைக்கும் குரல் குறைந்தது. நன்மையோடு ஓர் இழப்பும் சேர்ந்து வருவதை வரலாற்றில் பலமுறை காண்கிறோம் அன்றோ!

மருந்தும் ஆய்வும்

இதே காலத்தில் மருத்துவம் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். துயரமே உருவாகி எழுந்திராது கிடந்தவர் சில வாரங்களில் உண்ணவும் உறங்கவும் பேசவும் தொடங்கியது, அந்நோயைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. இன்று அதனினும் பாதுகாப்பான மருந்துகள் உள்ளன.

தமிழகமும் பின்தங்கி நிற்கவில்லை. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். மதுரையின் மனநல மருத்துவப் பேராசிரியர் வெங்கோபராவ், மாதவன் என்பாருடன் இணைந்து, மதுரையை அடுத்த ஒரு சிறுநகர்ப் பகுதியின் முதியோரை வீடுதோறும் ஆராய்ந்து 1982இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் கண்ட மன நோய்களுள் முதலிடம் பெற்றது மனச்சோர்வே. கூட்டுக் குடும்பம் உள்ள நாட்டில் முதியோர்க்கு இந்நோய் இராது என்ற நம் பெருமிதத்துக்கு அது தக்க மறுமொழியாயிற்று. அதே 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் உருவாயின. சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இந்நாளில் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகின்றது.

ஆயினும் இம்மருத்துவம் வந்து நின்ற இடம் மருத்துவமனையின் வாயில். முதியவரின் வாசல் அன்று. 2017-18இல் நாடு முழுவதும் நடந்து 2021இல் வெளியான முதுமை பற்றிய பேராய்வு இதை எண்களால் காட்டுகின்றது. அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல், அதாவது 8.3 விழுக்காட்டினர், கடும் மனச்சோர்வின் குறிகளோடு இருந்தனர். ஆனால் அந்நோய் தமக்கு இருப்பதாக மருத்துவர் கூறியதாகச் சொன்னோர் 0.8 விழுக்காட்டினர் மட்டுமே. ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர்! எஞ்சிய ஒன்பது பேரும் நம் வீடுகளில்தான் படுத்திருக்கின்றனர்.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. முதுமையில் இந்நோய் மாறுவேடத்தில் வருகின்றது. இளையோர் துயரத்தைச் சொல்வர். முதியோர் உடல்வலியைச் சொல்வர். பசியின்மை, விடியுமுன் விழிப்பு, நெஞ்சுக் கனம், வயிற்று எரிச்சல், மறதி என அது பேசும். கணவரையோ மனைவியையோ இழந்தவரின் இயல்பான துக்கம் அலைபோல் வந்து தணியும். பேரக்குழந்தையைக் கண்டால் முகம் சிறிது மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியும் இல்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் வெறுமை, எதிலும் விருப்பமின்மை, தாம் பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால், அது வயதின் இயல்பு அன்று. மருத்துவரிடம் சொல்லவேண்டிய குறி. பக்கவாதம் வந்தோரில் ஏறத்தாழ மூவருள் ஒருவரை இது பற்றுகின்றது. தைராய்டுக் குறை, இரத்தச் சோகை, சில உயிர்ச்சத்துக் குறைகள், கேளாத காது, தெரியாத கண் ஆகியவையும் இதனைத் தூண்டவோ வளர்க்கவோ கூடும். ஆகவே சிகிச்சை என்பது ஒரு மாத்திரையோடு முடிவதன்று.

அலை வந்த பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் தொடங்கிக் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு வரை, கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இளையோர் மடிய முதியோர் எஞ்சிய வீடுகள் இருந்தன. "என்னை எடுத்துக்கொண்டு அவனை விட்டிருக்கக் கூடாதா?" என்ற கேள்விக்கு எவர் விடை கூற முடியும்? உதவியோ படகாகவும் வலையாகவும் வந்தது. கடலுக்குப் போக இயலாத முதியவருக்குப் படகு எதற்கு?

இந்த இடைவெளியைக் கண்ட தொண்டு நிறுவனங்களுள் ஒன்று, 1978இல் தொடங்கப்பெற்ற ஹெல்ப்பேஜ் இந்தியா. அது கடலூரில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது; ஆதரவற்ற முதியோர் ஏறத்தாழ நூறு பேர் அங்கு வாழ வழி ஏற்பட்டது. விடுதியில் கிடப்போராக அன்றி, ஓர் ஊரின் குடிகளாக, தங்களால் இயன்ற வேலைகளில் பங்குகொண்டு வாழ்வது அதன் நோக்கம். அலை தாக்கிய கரையோர ஊர்களில் முதியோர் சுயஉதவிக் குழுக்களையும் அந்நிறுவனம் உருவாக்கியது. சிறு தொகை சேமித்தல், சிறு கடன் பெற்று இயன்ற தொழில் செய்தல், மாதந்தோறும் கூடிப் பேசுதல் என அவை நடந்தன.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்ற பெயரில் இவை தொடங்கப்படவில்லை. ஆனால், அந்நோய் முதியவரிடமிருந்து எதைப் பறிக்கின்றதோ அதையே இவை திருப்பிக் கொடுத்தன: செய்வதற்கு ஒரு வேலை, வரவை எதிர்பார்க்கும் ஒரு கூட்டம், தம் சொல்லுக்கு ஒரு மதிப்பு. கடும் நோயை இவை மட்டும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. எனினும், மருந்து எழுப்பிய ஒருவர் எங்கே நடந்து செல்வது என்ற கேள்விக்கு இவை விடையாயின.

சான்று கூறும் வழி

இவ்விரண்டு பாதைகளையும், அதாவது மருத்துவமனையின் மருந்தையும் ஊராரின் துணையையும், இணைத்தால் என்ன நிகழும்? 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. அறுபது வயதைக் கடந்த 1,801 நோயாளிகள் அதில் பங்குபெற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். மற்றொரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து நலம் விசாரித்து, மருந்தைக் கண்காணித்து, அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கத் துணைநின்று, மனநல மருத்துவரின் ஆலோசனையையும் பெற்றுத் தந்தார். ஓராண்டு முடிவில், நோய்க்குறிகள் பாதியாகவேனும் குறைந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர். இரண்டாம் பிரிவில் நாற்பத்தைந்து பேர். மருந்தைக் காட்டிலும் மருந்தைத் தொடர்ந்து வந்த மனிதரே வேறுபாட்டை உண்டாக்கினார் எனலாம்.

அது செல்வ நாட்டின் கதை என்போர்க்குக் கோவாவின் சான்று உண்டு. அங்கு மனச்சோர்வின் தொடக்கக் குறிகள் கொண்ட முதியோர் 181 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகர்களாகச் சென்றனர். சிக்கல்களைப் பகுத்துத் தீர்க்கக் கற்பித்தனர். உறக்கத்தைச் சீராக்க வழி சொன்னார்கள். நீரிழிவு போன்ற நோய்களைப் பேணக் கற்றுத்தந்தார்கள். அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றார்கள். ஓராண்டில் இவர்களின் துணை பெற்றோருள் நால்வரும், பெறாதோருள் பதின்மூவரும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர். ஓய்வூதிய மனுவை எழுதித் தருவதும் மனநலச் சிகிச்சையின் ஒரு பகுதியாக அமைந்ததை நாம் கருத்தூன்றி நோக்கவேண்டும்.

இன்று வாசலில் நிற்போர்

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும், வலிதணிப்புப் பராமரிப்பும், இயன்முறைப் பயிற்சியும் முதியவரின் வீட்டுக்கே வந்தன. மகளிர் தன்னார்வலர் வாசலில் நிற்கின்றார். ஞாயிறன்று நற்கருணை வழங்கும் பணியாளர் நிற்கின்றார். அன்பியத்தார் நிற்கின்றனர். நம் வரலாற்றில் இத்தனை பேர் இவ்வாசலுக்கு வந்த காலம் முன்பு இருந்ததில்லை. இருப்பினும் இவர்களுள் பலர் மாத்திரை உண்டா, செபம் சொன்னீர்களா என்று கேட்டுத் திரும்புகின்றனர். "உறக்கம் வருகிறதா? எதிலாவது மனம் ஒட்டுகிறதா? வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்ற கேள்விகள் கேட்கப்படாமலே நிற்கின்றன. இறுதிக் கேள்வியைக் கேட்டால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றார்.

செபம் போதாதா என்று நம்மவருள் சிலர் கேட்கலாம். கண்புரைக்கு அறுவைச் சிகிச்சையும் செபமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை, மனச்சோர்வுக்கும் அவ்வாறே. செபிக்க இயலாத நிலையே பல வேளைகளில் இந்நோயின் குறியாக இருக்கும். அப்போது நோயாளிக்காக நாம் செபிக்கலாம். செபிக்கவில்லையே என்று அவரைக் குற்றஞ்சாட்டுதல் ஆகாது.

ஆகவே நம் பங்குகளில் செய்யத்தக்கவை பெரிய திட்டங்கள் அல்ல. வீடு சந்திப்போர் ஒரே வீட்டுக்கு ஒரே கிழமையில் தவறாது செல்லவேண்டும். எதிர்பார்க்கத்தக்க வருகையே முதியவரின் வாரத்துக்கு வடிவம் தரும். குறிகள் கண்டால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடன் செல்ல ஒருவரும், வண்டி ஒன்றும் வேண்டும். தொலைவு தடையானால், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416 உண்டு. முதியோர் உதவிக்கு 14567 உண்டு. உயிரை மாய்க்கும் எண்ணத்தை வெளியிடுபவரைத் தனியே விடாது, பூச்சிமருந்தையும் பிற மருந்துகளையும் எட்டாத இடத்தில் வைத்து, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடமை.

மருந்து தொடங்கியபின்னரும் துணை தேவை. முதியோர்க்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். "பத்து நாளாயிற்று, ஒன்றும் இல்லை" என்று நிறுத்திவிடுவோர் பலர். நலம் கண்டவுடன் தாமே நிறுத்துவோரும் உளர். நலமடைந்தபின் ஆறு மாதங்களேனும், பெரும்பாலும் அதற்கு மேலும், மருத்துவர் சொல்லும் வரை தொடர்வதே முறை. இதை நினைவூட்ட மருத்துவப் பட்டம் தேவையில்லை. கட்டிலருகே இரவும் பகலும் நிற்கும் மருமகளையும் மறத்தலாகாது. வாரத்தில் அரைநாள் அவருக்கு ஓய்வு கிடைக்குமாறு ஒருவர் வந்து அமர்ந்தால், அவ்வீட்டில் இருவரின் மனம் காக்கப்படும். நோயுற்ற மாமியாருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் நாம், அடுக்களையில் நிற்கும் அவரையும் நலம் விசாரித்தோமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாளை ஒட்டி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது சிறப்பிக்கப்படுகின்றது. அந்நாளில் கோவிலுக்கு வர இயன்ற முதியோர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம், நன்று. வர இயலாதோரின் பட்டியல் ஒன்றையும் ஒவ்வோர் அன்பியமும் அன்று எழுதட்டும். பெயருக்கு எதிரே, அவ்வீட்டுக்குத் தவறாது செல்வோர் இருவரின் பெயரும் இருக்கட்டும். சோறு வந்த வாசல், பணம் வந்த வாசல், மாத்திரை வந்த வாசல் அது. அவ்வாசலில் நின்று மனத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதும், விடை வரும் வரை அமர்ந்திருப்பதுமே நம் தலைமுறைக்கு எஞ்சியுள்ள பணி.